மருத்துவமனைச் சாப்ளின் எழுதியதை எங்கே வெளியிடுவது? ஐந்து இடங்கள், ஓர் ஒப்பீடு

ஒரு மருத்துவமனைச் சாப்ளினிடம், அதாவது நோயாளிகளுக்கு ஆன்மிகத் துணை தரும் பணியாளரிடம், வெளியிடத் தகுந்த பொருள் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நோயாளியுடன் நடந்த தொடர் சந்திப்புகளின் பதிவாக (இதை நேர்வு என்பார்கள்) இருக்கலாம், ஒரு வார்டில் எடுத்த சிறு கணக்கெடுப்பாக இருக்கலாம், துறையில் புதிதாகக் கொண்டுவந்த நடைமுறையாகவும் இருக்கலாம். இதை அனுப்ப ஐந்து இடங்கள் உண்டு: சாப்ளின்களுக்கென்றே நடக்கும் ஆய்விதழ், மேய்ப்புப் பராமரிப்பும் (மதவழி ஆற்றுப்படுத்தல்) மத உளவியலும் பேசும் இதழ், மருத்துவ இதழ், தொகுப்பு நூலில் ஓர் அத்தியாயம், தொழில்சார் சங்கத்தின் செய்திமடல். சொந்தச் செலவில் நூல் போடுவது ஆறாவது. அதற்குக் கடைசியில் சில வரிகள் போதும்.

பெரும்பாலோர் எழுதி முடித்த பிறகுதான் இடம் தேடுகிறார்கள். இந்த ஐந்து இடங்களும் கேட்பது ஐந்து வேறு கட்டுரைகள். ஒன்றுக்கு எழுதியதை மற்றொன்றுக்குத் திருத்தி அனுப்புவது, பல நேரம் புதிதாக எழுதுவதைவிட வேலை அதிகம். இன்னொரு சிக்கலும் உண்டு. நோயாளியிடம் வாங்கிய ஒப்புதல் எந்த வகை வெளியீட்டுக்குச் செல்லும் என்பது முன்பே தெரிந்திருக்க வேண்டும். அது தெரியாமல் எழுதிய நல்ல கட்டுரைகள் பல அனுப்பப்படாமலே கிடக்கின்றன. ஆகவே இடத்தை முதலில் முடிவு செய்யுங்கள், ஒப்புதலை இரண்டாவதாக வாங்குங்கள், எழுத்து மூன்றாவது.

எந்த இதழ் எந்த வீட்டிலிருந்து வந்தது

ஒரு இதழ் எதை ஏற்கும், எதைத் திருப்பும் என்பது அது பிறந்த இடத்தைப் பார்த்தால் ஓரளவு பிடிபடும். 1925-இல் அமெரிக்காவின் வூஸ்டர் அரசு மனநல மருத்துவமனையில் ஆண்டன் பாய்சன் இறையியல் மாணவர்களை வார்டுக்குள் அழைத்துப் பயிற்சி கொடுத்தார். நோயாளிகளை ‘வாழும் மனித ஆவணங்கள்’ என்று கருதிப் படிக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. ரிச்சர்ட் கேபட் என்ற மருத்துவரும் ரசல் டிக்ஸ் என்ற சாப்ளினும் சேர்ந்து எழுதிய, நோயாளிகளுக்கான ஊழியத்தைப் பற்றிய நூல் 1936-இல் வந்தது. சந்திப்பு முடிந்ததும் நடந்த பேச்சை நினைவிலிருந்து வரிவரியாக எழுதிவைக்கும் பழக்கம் டிக்ஸ் காலத்தில் வேரூன்றியது. இன்று அதை வெர்பாட்டிம் என்கிறோம்.

இந்தப் பயிற்சி இயக்கத்திலிருந்து 1947-இல் இரண்டு இதழ்கள் தனித்தனியே தொடங்கின. 1950-இல் அவை ஒன்றாகி ‘ஜர்னல் ஆஃப் பாஸ்டரல் கேர்’ ஆயிற்று. 2002 முதல் பெயரில் ‘கவுன்சிலிங்’ சேர்ந்தது. நேர்விலிருந்து கற்பது, பயிற்சியாளரின் தன்னாய்வு, கவிதைகூட இதில் இடம்பெறுவது, எல்லாமே அந்தப் பயிற்சி மரபின் எச்சம். அதே 1950-இல் தொடங்கிய ‘பாஸ்டரல் சைக்காலஜி’ வேறு வீடு. சூவர்ட் ஹில்ட்னர் போன்ற இறையியலாளர்கள் உளவியலோடு நடத்திய வாதம் அதன் உயிர். மதமும் மனநலமும் சேரும் இடத்தில் 1961-இல் ‘ஜர்னல் ஆஃப் ரிலிஜன் அண்ட் ஹெல்த்’ வந்தது. அளவீட்டு ஆய்வுகளுக்கு அங்கே தாராள வரவேற்பு.

மருத்துவமனைச் சாப்ளின்களுக்கென்றே ‘ஜர்னல் ஆஃப் ஹெல்த் கேர் சாப்ளின்சி’ ஹாவர்த் பதிப்பகத்திலிருந்து 1987-இல் தொடங்கியது. 2007-இல் ஹாவர்த்தின் இதழ்கள் டெய்லர் அண்ட் பிரான்சிஸ் கைக்குப் போயின. ஹாவர்த்துக்கு ஒரு வழக்கம் இருந்தது: இதழின் சிறப்பிதழையே அதே நேரத்தில் தனி நூலாகவும் வெளியிடும். அதனால் அந்தக் காலத்துக் கட்டுரை ஒன்றே மேற்கோள் பட்டியலில் நூலாகவும் இதழாகவும் இருமுறை ஏறிவிடும். பழைய இலக்கியத்தைத் தொகுப்பவர்கள் இதைச் சரிபார்க்காமல் அனுப்பினால், கட்டுரையை மதிப்பிடும் சக வல்லுநரான மதிப்பாய்வாளர் கண்ணில் முதலில் படுவது இதுதான். பிரிட்டனில் இரண்டு பழைய சாப்ளின் இதழ்கள் இணைந்து, 2013-இல் ‘ஹெல்த் அண்ட் சோஷியல் கேர் சாப்ளின்சி’ ஆயின, அப்போது ஈக்வினாக்ஸ் வெளியிட்டது. அரசு சுகாதாரச் சேவைக்குள் சாப்ளினின் இடம் என்ன, பணித்தரம் என்ன என்பவை அதில் அடிக்கடி வரும்.

2000-க்குப் பிறகு காற்று திசை மாறியது. வட அமெரிக்காவின் ஐந்து சாப்ளின் அமைப்புகள் கூடி, தொழில்முறைச் சாப்ளின்கள் யார், என்ன செய்கிறார்கள் என்ற அறிக்கையை 2001-இல் வெளியிட்டன. அது வந்தது ‘ஜர்னல் ஆஃப் பாஸ்டரல் கேர்’ இதழில். மருத்துவர்களில் எத்தனை பேர் அந்த இதழைக் கையில் எடுப்பார்கள்? நோய்தணிப்புப் பராமரிப்பில் ஆன்மிகப் பகுதி எப்படி அமைய வேண்டும் என்ற ஒருமித்த கருத்தறிக்கை 2009-இல் ‘ஜர்னல் ஆஃப் பாலியேட்டிவ் மெடிசின்’ இதழில், கிறிஸ்டினா புச்சால்ஸ்கி, பெட்டி ஃபெரல் உள்ளிட்டோர் பெயரில் வந்தது. அது மருத்துவர், செவிலியர் மேசைக்கு நேரே போனது. இரண்டும் முக்கியமான ஆவணங்கள்தாம். முதலாவது தொழிலுக்குள் அடையாளத்தைக் கட்டியது, இரண்டாவது வெளியே கதவைத் திறந்தது. உங்கள் கட்டுரை இந்த இரண்டில் எதைச் செய்ய வேண்டும் என்பதுதான் நீங்கள் எடுக்கும் முடிவு.

ஒரே உரையாடல், ஐந்து உருவம்

கண்ணால் பார்த்தால் வேறுபாடு விளங்கும். கீழே உள்ள வெர்பாட்டிம் விளக்கத்துக்காகப் புனைந்தது. ‘சா’ என்பது சாப்ளின், ‘நோ’ என்பது நோயாளி. எண் பேச்சின் வரிசை.

சா4: நேத்து ராத்திரி தூங்க முடிஞ்சுதா?
நோ4: (ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு) தூங்கி என்ன ஆகப்போகுது ஐயா. கடவுளுக்கே நான் ஒருத்தி இருக்கேன்கறது மறந்துபோச்சு.
சா5: மறந்துட்டார்னு எப்பலேர்ந்து தோணுது?
நோ5: ரெண்டாவது கீமோவுக்கு அப்புறம். (மௌனம், ஒரு நிமிடம் இருக்கும்) அதுக்கு முன்னாடி தினமும் பேசுவேன் அவர்கிட்ட.

சங்கத்தின் செய்திமடலில் இது 800 வார்த்தைக் குறிப்பாகும். சா5-இல் சாப்ளின் ஆறுதல் சொல்லாமல், மறுக்காமல், ‘எப்பலேர்ந்து’ என்று கேட்டது ஏன், அந்தக் கேள்வி எதைத் திறந்தது; இவ்வளவுதான் கட்டுரை. படிக்கும் சக சாப்ளின் மறுநாளே அதைப் பயன்படுத்தலாம்.

சாப்ளின் ஆய்விதழில் இந்த நான்கு வரிகள் அப்படியே நிற்கும். ஆனால் அதைச் சுற்றி வேறு கட்டுமானம் வேண்டும்: சாப்ளின் செய்த ஆன்மிக மதிப்பீடு என்ன, எந்தச் சட்டகத்தை வைத்துச் செய்தார், எந்த உதவியைத் தேர்ந்தார், எதைத் தவிர்த்தார், மூன்றாம் சந்திப்பில் என்ன மாறியிருந்தது, அந்த மாற்றத்தைச் சாப்ளினைத் தவிர வேறு யாராவது கவனித்தார்களா. கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லாத நேர்வுக் கட்டுரைகளே அதிகம் திரும்பி வருகின்றன. ‘அவர் முகத்தில் அமைதி தெரிந்தது’ என்பது விளைவாகாது. இரவு மருந்து கேட்பது குறைந்ததாகச் செவிலியர் குறிப்பில் இருந்தால், அல்லது நோயாளியே மகளிடம் ‘மறுபடி பேச ஆரம்பிச்சிருக்கேன்’ என்று சொல்லியிருந்தால், அது விளைவு.

மேய்ப்புப் பராமரிப்பு இதழில் உரையாடல் வெறும் வாசல். மறக்கப்பட்டேன் என்ற புலம்பல் விவிலியத்தின் திருப்பாடல்களில் எப்படி வருகிறது, அந்த மரபு இந்தப் பெண்ணின் மௌனத்தைப் புரிந்துகொள்ள எப்படி உதவுகிறது, அல்லது மனிதர் நெருங்கியவர்களோடு கொள்ளும் பிணைப்பைப் பேசும் பற்றுறவுக் கோட்பாடு இதில் எதைக் காட்டுகிறது என்று வாதம் நீளும். விளைவை யாரும் அளக்கச் சொல்ல மாட்டார்கள். வாதம் மட்டும் பலமாக இருக்க வேண்டும்.

மருத்துவ இதழில் இந்த உரையாடல் ஏறக்குறைய மறைந்துபோகும். 20 பேரிடம் எடுத்த நேர்காணல் ஆய்வில், ‘கைவிடப்பட்ட உணர்வு’ என்ற கருப்பொருளின் கீழ் ஒற்றை மேற்கோளாக, ‘பங்கேற்பாளர் 7, பெண், 50–59 வயது’ என்ற அடையாளத்தோடு வரும். அளவீட்டு ஆய்வென்றால் மேற்கோளும் இருக்காது. மதவழிச் சமாளிப்பை அளக்கும் பிரீஃப் ஆர்கோப் என்ற 14 கேள்விப் பட்டியலில், எதிர்மறைச் சமாளிப்பைத் தொடும் ஏழு கேள்விகளின் மதிப்பெண்ணுக்குள் அடங்கிவிடும். வருத்தமாக இருக்கலாம். ஆனால் நோயாளிகளைச் சாப்ளினிடம் அனுப்பும் முறையை மாற்ற மருத்துவரிடம் சொல்ல அந்த எண்ணுக்குத்தான் வலு.

தொகுப்பு நூலில் மூன்று சந்திப்புகளும் முழுதாக வரும், 15–20 பக்கம். ஜார்ஜ் ஃபிட்செட்டும் ஸ்டீவ் நோலனும் 2015-இல் தொகுத்த சாப்ளின் நேர்வுகளின் நூல் இந்த வடிவத்தைப் பரவலாக்கியது: நேர்வைச் சாப்ளின் எழுதுவார், பிறகு வேறு சாப்ளினும் வேறு துறை வல்லுநரும் அதை விமர்சித்து எழுதுவார்கள். 2018-இல் இரண்டாம் தொகுப்பு வந்தது. நெதர்லாந்தில் 2016-இல் தொடங்கிய நேர்வாய்வுத் திட்டம் ஒரே படிவத்தில் நேர்வுகளைச் சேர்க்கும் வழியை எடுத்தது. இரண்டாவது வழியின் நன்மை, நேர்வுகளை ஒன்றோடொன்று ஒப்பிட முடிவது. முதலாவதில் படிக்கும் சுவை அதிகம்.

ஒப்புதல்: இங்கேதான் பல கட்டுரைகள் விழுகின்றன

பெயரை மாற்றிவிட்டால் போதும் என்ற எண்ணம் இன்னும் போகவில்லை. நோயாளித் தகவலைக் காக்கும் அமெரிக்காவின் ஹிப்பா சட்டவிதி அடையாளம் நீக்க 18 வகைத் தகவல்களைப் பட்டியலிடுகிறது: பெயர், மாநிலத்தைவிடச் சிறிய இடக்குறிப்பு, ஆண்டைத் தவிர்த்த தேதிகள், 89-க்கு மேற்பட்ட வயது, இப்படி. எல்லாவற்றையும் நீக்கினாலும் ஆன்மிக நேர்வில் கதையே அடையாளமாகிவிடுகிறது. ‘ஆலய இசைக்குழுவில் முப்பது வருடம் பாடியவர், கடைசி மாதம் பாட மறுத்தார்’ என்று எழுதினால் அந்த ஆலயத்தில் அவரை அறியாதவர் யார்? இரங்கல் குறிப்போடு ஒப்பிட்டாலே ஆள் தெரிந்துவிடும். விவரத்தை மாற்றி மறைப்பதற்கும் எல்லை இருக்கிறது. தொழிலை மாற்றலாம், பிள்ளைகளின் எண்ணிக்கையை மாற்றலாம். மதப்பிரிவை மாற்றினால் நேர்வே பொய்யாகிவிடும், ஏனென்றால் சாப்ளின் எடுத்த முடிவெல்லாம் அதன் மேல் நிற்கிறது. பலரைக் கலந்து ஒருவராக எழுதுவது பயிற்சிப் பாடத்துக்குச் சரி. ஆய்விதழுக்கு அதைச் சான்றாக அனுப்பக் கூடாது. அனுப்பினால் கலவை என்று முதல் பத்தியிலேயே சொல்லியாக வேண்டும்.

ஆகவே எழுத்து மூலமான ஒப்புதல்தான் வழி. அதைப் பராமரிப்பு நடந்துகொண்டிருக்கும்போது சாப்ளினே கேட்டால், நோயாளியால் மறுக்க முடியாது. ‘ஐயா இவ்வளவு செய்கிறார், எப்படி வேண்டாம் என்பது’ என்ற தயக்கம் இயல்பு. சந்திப்புகள் முடிந்த பின், துறையில் வேறொருவர் கேட்கட்டும். படிவத்தில் இவை தெளிவாக இருக்க வேண்டும்: எந்த வகை வெளியீடு; இணையத்தில் யாரும் காண முடியும் என்பது; வரைவை அவரே படித்துப் பார்க்கலாம் என்பது; எந்தக் கட்டம் வரை ஒப்புதலைத் திரும்பப் பெறலாம் என்பது. வெளியான பிறகு திரும்பப் பெற இயலாது என்பதை மழுப்பக் கூடாது. பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் குழும இதழ்கள் தங்கள் சொந்த ஒப்புதல் படிவத்தையே கேட்கும். மருத்துவமனைப் படிவத்தை வாங்கி வைத்திருந்தால், அதே குடும்பத்தைத் திரும்பப் போய்ப் பார்க்க வேண்டியிருக்கும். இடத்தை முதலில் முடிவு செய்யச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

நோயாளி இறந்துவிட்டால் நெருங்கிய உறவினரிடம் கேட்பது வழக்கம். ஆனால் நோயாளி சாப்ளினிடம் பேசியதே தன் மகனைப் பற்றி என்றால், அந்த மகனிடம் போய் வரைவைக் காட்டி ஒப்புதல் கேட்பதா? இதற்குச் சரியான விடை வேறு நேர்வைத் தேர்ந்துகொள்வதுதான். ஒப்புரவு அருட்சாதனத்தில் (பாவசங்கீர்த்தனத்தில்) கேட்டது எந்த மாறுவேடத்திலும் எந்த இடத்துக்கும் போகாது.

ஆராய்ச்சிக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழு வேறு கதை. ஒற்றை நேர்வு ஆராய்ச்சி ஆகாது என்று அமெரிக்காவில் பல நிறுவனங்கள் கருதுகின்றன. மூன்று நோயாளிகள் வரை விலக்கு தரும் இடங்களும் உண்டு. விலக்கு உண்டென்று நாமே முடிவு செய்துகொள்ளாமல் குழுவிடமிருந்து ஒரு கடிதம் வாங்கி வைக்க வேண்டும். அனுப்பும் படிவத்தில் அந்தக் கட்டத்தை நிரப்பாவிட்டால் கட்டுரை மதிப்பாய்வுக்கே போகாது. பயிற்சிக் காலத்தில் மாணவர்கள் எழுதிய வெர்பாட்டிம்களைப் பத்து வருடம் கழித்து எடுத்து ஆய்வு செய்ய நினைப்பவர்களுக்கும் ஒரு சொல்: அவை கல்விக்காக எழுதப்பட்டவை. ஆராய்ச்சிக்குப் பயன்படுத்தத் தனி அனுமதி தேவை.

சாப்ளின் ஆய்விதழ்

எங்கள் கணிப்பில், முதன்முதலாக எழுதும் சாப்ளினுக்கு இதுவே நல்ல இடம். மதிப்பாய்வாளர்கள் வார்டு அறிந்தவர்கள். சா5 எதற்காகக் கேட்கப்பட்டது என்று அவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நேர்வுக் கட்டுரை பொதுவாக 3,000–5,000 வார்த்தை, ஆய்வுக் கட்டுரை 5,000–7,000. ‘ஜர்னல் ஆஃப் ஹெல்த் கேர் சாப்ளின்சி’யும் ‘பாஸ்டரல் கேர் அண்ட் கவுன்சிலிங்’கும் மெட்லைன் என்ற மருத்துவ இதழ்த் தரவுத்தளத்தில் ஏறுவதால், மருத்துவர் ஒருவர் பப்மெட் தேடுதளத்தில் தேடினாலும் கிடைக்கும். தேடினால்தான் கிடைக்கும் என்பது இதன் குறை.

அனுப்பும்போது கவனிக்க வேண்டியவை சில. பெயரும் நிறுவனமும் உள்ள தலைப்புப் பக்கம் தனிக் கோப்பாக இருக்க வேண்டும். கட்டுரைக்குள் ‘எங்கள் மருத்துவமனையான இன்னது’ என்று ஓரிடத்தில் விட்டாலும், எழுதியவர் யாரென்று தெரியாமல் நடக்க வேண்டிய மறைவு மதிப்பாய்வு கெட்டுவிடும். வேர்ட் கோப்பின் பண்புகளில் ஆசிரியர் பெயர் ஒளிந்திருக்கும். அதையும் நீக்க வேண்டும். நன்றியுரையைக் கட்டுரைக் கோப்பிலிருந்து எடுத்துத் தலைப்புப் பக்கத்துக்கு மாற்றுங்கள். ஒரே நேரத்தில் இரண்டு இதழ்களுக்கு அனுப்புவது மன்னிக்கப்படாத தவறு. சாப்ளின் உலகம் சிறியது, இரண்டு இதழ்களும் ஒரே மதிப்பாய்வாளரை அணுகுவது எளிதில் நடக்கும்.

திரும்பி வருவதற்குப் பெரும்பாலும் காரணம் தொனி. பிரசங்க மேடைப் பழக்கம் முடிவுரையில் எட்டிப் பார்க்கும். ‘இந்த நேர்வு நமக்கெல்லாம் உணர்த்துவது’ என்று தொடங்கும் பத்தியை எடுத்துவிட்டாலே கட்டுரை பாதி தேறும்.

மருத்துவ இதழ்

இங்கே போவதற்கு மூன்று வேண்டும்: எண்களோ ஒழுங்கான நேர்காணல் தரவோ, நெறிமுறைக் குழு அனுமதி எண், ஒரு மருத்துவரோ செவிலியரோ இணை ஆசிரியராக. மூன்றில் ஒன்று குறைந்தாலும் நேரம் வீண். கட்டுரை பெரும்பாலும் 3,000 வார்த்தைக்குள், சுருக்கம் 250 வார்த்தைக்குள், அதுவும் பின்னணி, நோக்கம், முறை, முடிவு என்று தலைப்பிட்டு. மேற்கோள்கள் எண் வரிசையில் வரும். சாப்ளின் இதழ்கள் பல ஆசிரியர்-ஆண்டு முறையைக் கேட்பதால், இடம் மாறும்போது பட்டியல் முழுவதையும் மாற்ற வேண்டும். மேற்கோள் மேலாண்மை மென்பொருள் இல்லாமல் இதைச் செய்யாதீர்கள்.

நேர்காணல் ஆய்வுக்கு 32 கேள்விகள் கொண்ட கோரெக் சரிபார்ப்புப் பட்டியலையும், தர மேம்பாட்டுப் பணிக்கு ஸ்குவையரையும், மருத்துவ நேர்வுக்குக் கேர் வழிகாட்டியையும் இதழ்கள் கேட்கும். கோரெக்கில் சாப்ளின்கள் தடுமாறும் இடம், நேர்காணல் எடுத்தவருக்கும் பங்கேற்பாளருக்கும் முன்பே உறவு இருந்ததா என்ற கேள்வி. பெரும்பாலும் இருந்திருக்கும், ஏனென்றால் அவர்தான் அந்த வார்டின் சாப்ளின். மறைக்காமல் எழுதி, அது தரவை எப்படிப் பாதித்திருக்கலாம் என்று இரண்டு வரி சேர்த்தால் பிரச்சினை தீரும். விட்டுவிட்டால் மதிப்பாய்வாளர் பிடித்துக்கொள்வார். ஆன்மிக நலனை அளக்கும் 12 கேள்வி ஃபேசிட்-எஸ்பி போன்ற அளவுகோல்களுக்கு முறையான அனுமதி வேண்டும். தரவு சேர்த்த பிறகு அனுமதி கேட்பது சங்கடத்தில் முடியும்.

ஆசிரியர் வரிசையில் ஒரு பழைய மனத்தாங்கல் உண்டு. சந்திப்புகளை எல்லாம் சாப்ளின் நடத்துவார். கட்டுரை வரும்போது அவர் பெயர் நன்றியுரையில் இருக்கும். மருத்துவ இதழாசிரியர்களின் சர்வதேசக் குழு வைத்த நான்கு நிபந்தனைகள் இதற்கு உதவும்: வடிவமைப்பிலோ தரவிலோ கணிசமான பங்கு, எழுதுவதிலோ திருத்துவதிலோ பங்கு, இறுதிப் படிக்கு ஒப்புதல், முழுப் பணிக்கும் பொறுப்பேற்பு. நான்கும் இருந்தால்தான் ஆசிரியர். தரவு மட்டும் சேர்த்துக் கொடுத்துவிட்டு ஒதுங்கும் சாப்ளின் இந்த விதிப்படியே வெளியே நிற்பார். வரைவின் ஒரு பகுதியை, குறைந்தது முடிவுகளைப் பற்றிய விவாதத்தையாவது, தானே எழுதுவதாகத் தொடக்கத்திலேயே மின்னஞ்சலில் பதிவு செய்துகொள்வது நல்லது.

இவ்வளவு பாடும் எதற்கு? அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவ இதழான ‘ஜர்னல் ஆஃப் கிளினிக்கல் ஆன்காலஜி’யில் 2010-இல் வந்த ஆய்வு ஒன்று, மருத்துவக் குழுவின் ஆன்மிக ஆதரவுக்கும் இறுதிக்கால மருத்துவத்துக்கும் வாழ்க்கைத் தரத்துக்கும் உள்ள தொடர்பைக் காட்டியது. சாப்ளின் பணியிடத்துக்காக நிர்வாகத்திடம் வாதாடுகிறவர்களுக்கு இத்தகைய கட்டுரை பயன்படும் அளவுக்கு அழகான நேர்வு பயன்படாது.

மற்ற மூன்றும்

மேய்ப்புப் பராமரிப்பு, மத உளவியல் இதழ்கள் இறையியல் கல்லூரியில் கற்பிப்பவருக்கு ஏற்றவை. 7,000–8,000 வார்த்தை வரை நீள வாதத்துக்கு இடம் கிடைக்கும். இதில் ‘ரிலிஜன் அண்ட் ஹெல்த்’ விதிவிலக்கு: அளவீட்டு ஆய்வையும் ஏற்கும், மெட்லைனிலும் ஏறும். மருத்துவ இதழ் திருப்பிய கருத்துக்கணிப்புக் கட்டுரைக்கு அடுத்த நிறுத்தம் பெரும்பாலும் இதுதான்.

தொகுப்பு நூலின் காலம் நீண்டது. அழைப்பிலிருந்து அச்சு வரை ஒன்றரை, இரண்டு ஆண்டு சாதாரணம். ஓர் ஆசிரியர் தாமதித்தால் அனைவரும் காத்திருக்க வேண்டும். அத்தியாயத்துக்குத் தனி டிஓஐ எண் (இணையத்தில் அதைக் கண்டறிய உதவும் நிரந்தர அடையாள எண்) தருவார்களா என்று கேட்டுவிட்டு ஒப்புக்கொள்ளுங்கள். அது இல்லாவிட்டால் தரவுத்தளத் தேடலில் அத்தியாயம் தென்படாது, நூலின் பெயர் மட்டுமே தென்படும். பயிற்சி வகுப்பில் பாடமாக இருக்க வேண்டும் என்பது உங்கள் நோக்கமானால், இதற்கு இணை இல்லை.

செய்திமடலை யாரும் ‘வெளியீடு’ என்று எண்ணுவதில்லை. பதவி உயர்வுப் படிவத்தில் அது பெரும்பாலும் எடுபடாது. ஆனால் வார்டில் நாளையே மாற வேண்டிய ஒரு சிறு நடைமுறைக்கு, உதாரணமாக இரவு அழைப்புகளை முன்னுரிமைப்படுத்தும் ஒரு தாளுக்கு, ஆறு மாத மதிப்பாய்வு எதற்கு? ஓர் எச்சரிக்கை உண்டு: அங்கே முழு நேர்வையும் கொட்டிவிட்டால், பிறகு ஆய்விதழ் அதை முன்பே வெளியானது என்று மறுக்கலாம். செய்திமடலுக்கு நுட்பத்தை மட்டும் கொடுங்கள், நேர்வை வைத்துக்கொள்ளுங்கள். நோயாளியின் ஒப்புதல் விதியும் இதற்கு அதேதான்.

காலமும் காசும்

ஆய்விதழ்களில் இதழாசிரியர் மேசையைத் தாண்டுவது இரண்டு முதல் நான்கு வாரம், மதிப்பாய்வு இரண்டு முதல் ஆறு மாதம், திருத்தம் ஒரு சுற்றோ இரண்டோ. சாப்ளின் இதழ்களில் மதிப்பாய்வாளர் கிடைப்பதே கடினமாதலால் நீளும். மூன்று மாதம் கழித்து ஒரு பணிவான விசாரிப்பு மின்னஞ்சல் அனுப்பலாம், அதற்கு முன் வேண்டாம்.

சந்தா வழியில் வெளியிடும் பெரிய பதிப்பகங்களின் இதழ்களில் பொதுவாக எழுதியவர் கட்ட வேண்டிய கட்டணம் இல்லை. அதே இதழில் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்து வைக்க வேண்டுமென்றால் கட்டணம் ஆயிரக்கணக்கான டாலரில் வரும். பெரும்பாலான சாப்ளின் துறைகளுக்கு அது கட்டுப்படியாகாது, தேவையுமில்லை. ஏற்கப்பட்ட இறுதி வரைவை, அதாவது பதிப்பகத்தின் பக்க அமைப்பு இல்லாத வேர்ட் படியை, நிறுவனக் களஞ்சியத்தில் வைக்கப் பல பதிப்பகங்கள் அனுமதிக்கின்றன. சில உடனே, சில 12–18 மாதம் கழித்து. ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் இதைப் படித்துவிட்டால் போதும்.

புகழ்மொழியோடு மின்னஞ்சலில் வந்து, ஒரு வாரத்தில் வெளியிடுவதாகச் சொல்லும் இதழ்கள் இந்தத் துறையையும் விட்டுவைக்கவில்லை. ஆசிரியர் குழுவில் மருத்துவமனைச் சாப்ளின் ஒருவராவது இருக்கிறாரா, கட்டணம் முன்பே சொல்லப்பட்டிருக்கிறதா, மெட்லைன் ஏற்றம் அந்த இதழ் சொல்வதல்லாமல் மெட்லைன் பட்டியலிலேயே இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே போன கட்டுரையை மீட்டு வேறிடம் அனுப்புவது ஏறக்குறைய நடவாத காரியம். நோயாளி கொடுத்த ஒப்புதலும் அதோடு போய்விடும்.

எதை எங்கே

ஒரு நேர்வும், விளைவுக்கு வெளிச் சாட்சியும், நோயாளியின் கையெழுத்தும் இருந்தால் சாப்ளின் ஆய்விதழ். நேர்வு இருக்கிறது, வெளிச் சாட்சி இல்லை, ஆனால் நீளமும் ஆழமும் இருக்கிறது என்றால் தொகுப்பு நூல். 20 நேர்காணலோ 100 படிவமோ கையில் இருந்து, மருத்துவ நண்பரும் இருந்தால் மருத்துவ இதழுக்கு முயலுங்கள். திரும்பினால் ‘ரிலிஜன் அண்ட் ஹெல்த்’, அதுவும் திரும்பினால் சாப்ளின் இதழ். இந்த வரிசையில் மேலிருந்து கீழே இறங்கலாம், கீழிருந்து மேலே போக முடியாது. ஒப்புதல் கிடைக்காத நேர்விலிருந்து ஒரு நுட்பத்தை மட்டும், நோயாளியின் நிழல்கூடப் படாமல், பிரித்தெடுக்க முடிந்தால் செய்திமடல். முடியாவிட்டால் பயிற்சி வட்டத்துக்குள்ளேயே இருக்கட்டும்.

சொந்தமாக நூல் போடுவது இன்று எளிது. ஐஎஸ்பிஎன் எண், தேவைக்கேற்ற அச்சு எல்லாம் சில வாரத்தில் முடியும். மதிப்பாய்வு கிடையாது, ஒப்புதலைச் சரிபார்க்க யாரும் கேட்கவும் மாட்டார்கள். அதனாலேயே பொறுப்பு முழுவதும் எழுதியவர் தலையில். தியான நூலுக்கும் பிரார்த்தனைத் தொகுப்புக்கும் அது போதும். நோயாளிகளின் பேச்சு உள்ள எதற்கும் அந்த வழியைப் பரிந்துரைப்பதற்கில்லை.